பொருள்: இயற்கை வளங்களின் ‘சஸ்டெய்னபிள் கவர்னன்ஸ்’ – தமிழில் எப்படி?

பெங்களூர், அல்சூரிலிருந்து:

அன்புடையீர், வணக்கம். தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கையேட்டின் ஆங்கிலத் தலைப்பில் உள்ள ‘சஸ்டெய்னபிள் கவர்னன்ஸ்’ என்னும் தொடர்தான் வழியை மறிக்கிறது. ‘இயற்கை வளங்களின் நிலையான ஆட்சி’ என்று எழுதிப் பார்த்தேன். கூட்டணி கவிழாமல் ஐந்தாண்டு நடக்கும் அரசைப் பற்றிய தேர்தல் அறிக்கைபோல் ஒலிக்கிறது. பாடநூல்களில் வரும் ‘வளங்குன்றா வளர்ச்சி’யை அடியொற்றினால் ‘இயற்கை வளங்களின் வளங்குன்றா ஆளுகை’ என்றாகி, வளம் இருமுறை வந்து இடிக்கிறது. ஏரிப் பாசன விவசாயி ஒருமுறை படித்ததும் விளங்க வேண்டும் என்பதே என் கவலை.

தில்லி, ஆர்.கே.புரத்திலிருந்து:

இலங்கை வழக்கில் ‘பேண்தகு’ என்னும் அருமையான சொல் இருக்கும்போது ஏன் இந்தத் தவிப்பு? ஆளுகையும் வேண்டியதில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டில் ‘ஏரி வாரியம்’ என்று பராந்தக சோழன் காலத்திலேயே வந்துவிட்டது. வாரி என்றால் நீர். நீரை ஆள்வோர் வாரியத்தார். ‘பேண்தகு வாரியம்’ என்று எழுதுங்கள்.

மும்பை, மாதுங்காவிலிருந்து:

ஐயா பொறுத்தருள வேண்டும். அதே கல்வெட்டில் தோட்ட வாரியமும் பொன் வாரியமும் வருகின்றனவே, பொன்னில் ஏது நீர்? அங்கே வாரியம் என்பது ஊர்ச்சபையின் குழு. அது போகட்டும், இன்றைய வாசகருக்கு வாரியம் என்றால் மின்வாரியம். கையேட்டைத் திறந்தவுடன் மின்தடை பற்றிப் புகார் எழுதத் தொடங்கிவிடுவார்.

‘பேண்தகு’வில் எனக்கு இரண்டு தடைகள். ணகரத்தின் முன் வரும் தகரம் டகரமாகும் என்பது நன்னூல் விதி; காண், தகு இரண்டும் சேர்ந்து ‘காண்டகு’ ஆவதுபோல் இதுவும் ‘பேண்டகு’ என்றே வர வேண்டும். அப்படி எழுதினால் எவருக்கும் புரியாது. எழுதாவிட்டால் இலக்கணம் இல்லை. இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. பேண்தகு ஆளுகை என்றால் பேணத் தக்க ஆளுகை என்றுதான் பொருள்படும். அங்கே பேணப்படுவது ஆளுகையே தவிர ஏரி அன்று. பேசாமல் ‘மேலாண்மை’ என்று போடுங்கள், ஊருக்கே தெரிந்த சொல்.

தில்லி, ஆர்.கே.புரத்திலிருந்து:

புணர்ச்சி விதியை இவ்வளவு கறாராகப் பார்த்தால் புதுச்சொல் ஒன்றுகூடப் பிறக்காது. இருந்தாலும் பொருள் பற்றிய தடையை ஏற்கிறேன். இந்தக் கருத்தின் வேரைத் தேடினால் 1713இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சுரங்க அதிகாரியாக இருந்த கார்லோவிட்ஸ் எழுதிய காட்டியல் நூலுக்குப் போக வேண்டும். உலைகளுக்கு விறகு தட்டுப்பட்டபோது, மீண்டும் வளரும் அளவுக்கு மேல் மரம் வெட்டலாகாது என்றார் அவர். எடுத்தும் குறையாமை என்பதே மூலக்கருத்து என்பதால் ‘குன்றா’ பொருத்தமே.

ஆனால் மேலாண்மைக்கு நான் உடன்பட மாட்டேன். மடையைத் திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சுபவர் நீர்க்கட்டி. அவர் செய்வது மேலாண்மை. எந்த மடை முதலில், வறட்சியில் யாருக்குக் குறைப்பது, முறை தவறியவருக்கு என்ன தண்டம் என்பனவற்றை யார் கூடி வகுப்பது என்பது வேறு கேள்வி. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், 1990இல் வெளியிட்ட நூலில் அழுத்திச் சொன்னதும் இதைத்தான்: விதிகளால் கட்டுப்படுவோர்க்கு அவ்விதிகளை மாற்றுவதில் பங்கு இருக்க வேண்டும். உத்தரமேரூரில் முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவரும் எழுபதைக் கடந்தவரும் வாரியத்துக்கு வர முடியாது; முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினருங்கூட விலக்கப்பட்டனர். பழவேற்காட்டு மீனவர் எந்தப் பாட்டில் யார் என்று வலைபோடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கமும் இத்தகையதே. இவற்றையெல்லாம் மேலாண்மை என்று அழைத்தால் பாதிப் பொருள் கழன்றுவிடும்.

பெங்களூர், அல்சூரிலிருந்து:

நன்றி ஐயா. இங்கே கோலார்ப் பக்கத்து ஏரிகளில் ‘நீருகண்டி’ என்று கன்னடத்தில் அழைக்கப்படுபவரும் அதே நீர்க்கட்டிதான். அதனால் உங்கள் வேறுபாடு உடனே மனத்தில் பதிந்தது. இரண்டு கருத்துகளையும் சேர்த்து ஒன்று தோன்றுகிறது. ‘வளங்களின்’ என்பதை நீக்கிவிட்டு ‘இயற்கைவளங் குன்றா ஆளுகை’ என்றால், ஒரே வளம் இரண்டு வேலையையும் செய்யும். குன்றாதது ஆளுகையா வளமா என்று எவரேனும் கேட்கலாம். ‘நோய் தீரும் மருந்து’ என்பதில் தீர்வது மருந்தன்று, மருந்தால் நோய் தீர்கிறது. பெயரெச்சம் கருவிப்பெயர் கொண்டு முடிவது நமக்குப் புதிதன்று.

மும்பை, மாதுங்காவிலிருந்து:

இலக்கணம் சரி. ‘குன்றாத’ என்பது கடைசி எழுத்தை இழந்து ‘குன்றா’ என நிற்கும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் விவசாயிக்கு விளங்குமா என்ற கேள்வி நிற்கிறது. அட்டையில் இதையே போடுங்கள்; உள்ளே முதன்முறை வரும் இடத்தில் ‘வளம் குறையாதபடி ஊரார் கூடி ஆளும் முறை’ என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

தில்லி, கரோல்பாக்கிலிருந்து:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பெரும்பாலோர் ஒத்துவந்த பிறகு குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். குன்றாமை என்பது இருப்பது குறையாமல் காப்பதைத்தான் சொல்கிறது. கையேடு போகப்போகும் ஊர்களில் பல ஏரிகள் தூர்ந்து, வரத்துக் கால்வாய்கள் அடைபட்டு, கரையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. அந்த நிலை ‘குன்றாமல்’ காக்கப்பட்டால் யாருக்கு என்ன பயன்? மீட்பதும் வளர்ப்பதும் இச்சொல்லுக்குள் இல்லை. குடிமராமத்து என்ற பழஞ்சொல்லிலாவது பழுதுபார்ப்பது இருந்தது.

பெங்களூர், அல்சூரிலிருந்து:

உங்கள் தடை நியாயமானது. ஆனால் மூலத்தொடரிலும் மீட்பு இல்லை, அதற்கென்று கையேட்டில் தனி இயலே இருக்கிறது. நாளை காலை ‘இயற்கைவளங் குன்றா ஆளுகை’ என்றே அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

தில்லி, கரோல்பாக்கிலிருந்து:

அனுப்புங்கள். என் மாற்றுக் கருத்து அப்படியே நிற்கிறது. இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடியும் எழுதுவேன்.