‘ஏய் இந்தாம்மா’ மாரிமுத்து: உங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்

கரூர் தேவி
நடிகர் மாரிமுத்து இறந்துபோய் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. சன் டிவி எதிர்நீச்சல் சீரியலில் வீட்டுப் பெண்களை ‘ஏய் இந்தாம்மா’ என்று அதட்டி அடக்கி வைக்கும் மூத்த அண்ணன் குணசேகரனாக வந்தவர் அவர். கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2022 கடைசியில் ஒரு நாள் இரவு, அம்மா வீட்டில் இருந்தேன். ஒன்பதரை மணி. அப்பா சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்க்கிறார், அம்மா பக்கத்தில் நின்றபடி பரிமாறுகிறார், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம், நாற்பது வருஷ வழக்கம். குணசேகரன் ஹாலில் உட்கார்ந்துகொண்டு தம்பி பொண்டாட்டிகளை வரிசையாக நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்பதுகூட நினைவில்லை. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். தட்டைத் தானே தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார். அம்மா கையில் ரசக் கரண்டியோடு அப்படியே நின்றார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பிறந்ததிலிருந்து அப்பா தட்டை எடுத்துப் பார்த்ததில்லை. அந்த நடிகர் அப்பாவுக்குள் எதைத் தொட்டார் என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வைகைக்கரை
அக்கா, நல்லாச் சொன்னீங்க. என்னுடையது அதற்கு 14 வருஷம் முந்தையது. 2008, மதுரை, செகண்ட் ஷோ, கண்ணும் கண்ணும் படம். தியேட்டரில் எண்ணினால் முப்பது பேர் இருந்திருப்போம். பிரசன்னா நடித்தது. படம் முடிந்தும் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன், டிக்கெட் கிழிக்கும் அண்ணன் வந்து ‘தம்பி, லைட்டை அணைக்கணும்’ என்றார். எழுத்து இயக்கம் ஜி. மாரிமுத்து என்று போஸ்டரில் படித்தது மட்டும் மனதில் நின்றுவிட்டது, முகம் தெரியாது. அடுத்த படம் புலிவால் வர 2014 ஆகிவிட்டது. அப்புறம் 2022-இல் என் மனைவி இந்த சீரியல் பார்க்கும்போது, யாருய்யா இந்த மனுஷன் என்று தேடினால் அதே ஆள்! உண்மையாகவே எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1990 வாக்கில் வருசநாட்டுப் பக்கமிருந்து வீட்டை விட்டுக் கிளம்பி சென்னைக்கு வந்தவர், ராஜ்கிரண், மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே. சூர்யா என்று பெரிய இயக்குநர்களிடம் உதவியாளராக வேலை பார்த்தவர், முதல் படம் கொடுக்கவே கிட்டத்தட்ட 18 வருஷம் ஆகியிருக்கிறது. மிஷ்கின் 2011-இல் யுத்தம் செய் படத்தில் போலீஸ் வேஷம் கொடுத்த பிறகுதான் நடிப்பு வாய்ப்புகள் தொடர்ந்து வந்தன. என் வருத்தம் இதுதான்: அந்த மனிதர் மூன்றாவதாக ஒரு படம் எடுத்திருக்க வேண்டும். அந்த முப்பது பேரில் ஒருவனாக இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

மேற்கு மாம்பலம்
சீரியலால்தான் அவரைத் தெரியும் என்று பேசுபவர்கள் பரியேறும் பெருமாளை மறந்துவிடுகிறீர்கள். 2018. கதாநாயகி ஜோவின் அப்பா வேஷம். கல்யாண வீட்டில் அவளோடு படிக்கும் பையனை அடித்துப் போட்ட பிறகு உள்ளே வந்து கண்ணீரோடு பேசுவாரே, அந்த இடம். நான் தியேட்டரில் அவரை வெறுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன், வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. வெளியே வந்து பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் பத்து நிமிஷம் நின்றேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

கடமலைக்குண்டு ராசா
எங்க ஊர்ப்பக்கம் ஆள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்று செய்தி வந்தது. மறுநாள் அவர் சொந்த ஊர் பசுமலைத்தேரிக்கு உடம்பைக் கொண்டுவருகிறார்கள் என்றதும் இங்கிருந்து ஆட்டோ, டிராக்டர், டூவீலர் என்று கிடைத்ததில் ஏறிக் கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் ஒரு பாட்டி. காட்டு வேலைக்குப் போகிற கோலத்திலேயே நின்றது, கையில் தூக்குவாளி, தலையில் சும்மாடு கட்டின துண்டு. என் பக்கத்தில் வந்து, மெதுவாக, ‘ஏப்பா, அந்த வீட்டுப் புள்ளைகளுக்குச் சொல்லியாச்சா?’ என்று கேட்டது. எந்தப் புள்ளைக பாட்டி என்றேன். ‘அதான் ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, அந்தச் சின்னது ஜனனி. என்ன இருந்தாலும் அந்த வீட்டுக்குப் பெரியவுக இல்லையா.’ எல்லாம் சீரியலில் வரும் அந்த வீட்டு மருமகள்கள். என்ன பதில் சொல்வது? சொல்லியாச்சு பாட்டி, வந்துக்கிட்டிருக்காங்க என்றேன். அது தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டது. நான் பொய் சொன்னது சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

நவகிரகம்_78
தொலைக்காட்சி மேடையில் ஜோதிடர்களை எதிர்த்து அவ்வளவு பேசினார். பேசிய கொஞ்ச நாளிலேயே என்ன ஆச்சு? நான் ஒன்றும் சொல்லவில்லை, யோசித்துப் பாருங்கள்.

மேற்கு மாம்பலம்
@நவகிரகம்_78, இதைத்தான் அன்றைக்கும் ஒரு கூட்டம் எழுதியது. செய்தி வந்த அதே நாளில் எழுதியது, அவர் பிள்ளைகள் படிக்கக்கூடிய இடத்தில் எழுதியது. தமிழா தமிழா நிகழ்ச்சியில் அவர் தன் கருத்தைப் பயப்படாமல் சொன்னார். லட்சக்கணக்கான பெண்கள் தினமும் பார்க்கும் முகம் ஒன்று, அந்தப் புகழை வைத்துத் தாயத்து விற்காமல், தனக்குச் சரியென்று பட்டதைப் பேசியது. ஜோதிடம் பார்க்கிறவர்களுக்கு மாரடைப்பே வருவதில்லையா? என் பெரியப்பா மூன்று வேளையும் பூஜை செய்தவர், 51 வயதில் போனார். ஒருவரின் சாவை வைத்து ஜெயிக்கிற வாதம் எனக்கு வேண்டாம். உங்களுக்கு அவர் பேசியது பிடிக்கவில்லை என்றால் அதற்குப் பதில் சொல்லுங்கள், அவர் செத்ததைக் காட்டாதீர்கள்.

சேலம் பாலு, ஓய்வு
சண்டை வேண்டாம். என் கதை சின்னது. மாரிமுத்து இறந்த செய்தி பார்த்த அன்றைக்கு என் மைத்துனன் நெஞ்சு எரியுது என்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான், டிவியைக் காட்டி இழுத்துக்கொண்டு போனேன், அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறான்.
இதையும் படித்துவிடுங்கள். மாரிமுத்து டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாதிரி இருக்கிறது என்று வெளியே வந்து, தானே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார் என்று சீரியலில் அவர் தம்பி ஞானமாக நடித்த கமலேஷ் சொன்னதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். தயவுசெய்து அப்படித் தனியாக வண்டி ஓட்டிப் போகாதீர்கள். வழியில் மயங்கினால் தூக்க ஆள் கிடையாது. 108-க்கு அடியுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரை ஓட்டச் சொல்லுங்கள். நடுநெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போல் இருந்தாலும், வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினாலும், காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தாலும், கேஸ் என்று சொல்லி இஞ்சிச் சாறு குடித்து நேரத்தைக் கடத்தக்கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாக, அசதியாக வரலாம். ஈசிஜி வசதி உள்ள இடத்துக்குப் போங்கள், போனதும் நெஞ்சுவலி என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், வரிசையில் உட்காராதீர்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் வலி நிற்கவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது இரண்டு பேர் மார்பை அழுத்திக் காப்பாற்றும் முறையைக் கற்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் அலட்சியம் பண்ணியதால் போன என் அலுவலக நண்பர்களை எண்ண ஒரு கை போதாது.

கரூர் தேவி
பாலு சார், அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். நன்றி.

ஒலிக்கூடம்
நான் டப்பிங் தியேட்டரில் வேலை பார்க்கிறவன். எதிர்நீச்சல் யூனிட் இல்லை, அவரோடு வேலை பார்த்ததும் இல்லை. ஆனால் அந்தச் செய்தியில் ‘டப்பிங்’ என்ற சொல் என்னைப் போட்டு வாட்டியது. தினசரித் தொடர் என்றால் என்ன என்று வெளியே தெரியாது. பகல் முழுக்க ஷூட்டிங், அதனால் நடிகர்கள் விடிகாலையிலோ நள்ளிரவிலோ வந்து பேசுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக், ஹெட்போன், எதிரே திரையில் தன் வாயே அசையும். அதற்கு வசனம் மட்டும் பேசினால் பத்தாது, உறுமல், பெருமூச்சு, துண்டை உதறும்போது வரும் ‘ம்ஹ்’, எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்தில் மறுபடி உயிரோடு கொண்டுவர வேண்டும். குணசேகரன் போன்ற வேஷத்துக்குப் பக்கம் பக்கமாகக் கத்த வேண்டும். எங்கள் இடத்தில் ஒரு மூத்த நடிகர் கத்தி முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் தலை சாய்ப்பார், நாங்கள் விளக்கைக் குறைத்துவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா இருப்போம். அன்று செய்தி கேட்டதும் நான் முதலில் போய் எங்கள் பூத்தில் நாற்காலியை மாற்றினேன், சாய்மானம் உள்ளதாக. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.
இறப்பதற்குச் சில நாள் முன்பு ஒளிபரப்பான காட்சியில் நெஞ்சு வலிக்கிறது என்று அவர் பேசும் வசனம் ஊரெல்லாம் சுற்றியதே, என்னால் அதை இன்றுவரை முழுதாகக் கேட்க முடியவில்லை. அதுவும் ஒரு டப்பிங் அறையில் பேசியதுதானே.

பெருநாழிப் பையன்
இன்னொன்று. அவருக்குப் பிறகு குணசேகரனாக வந்தவரை ஒத்துக்கொள்ளவே முடியாது என்று எங்கே போனாலும் எழுதுகிறார்கள். வேல ராமமூர்த்தி எங்கள் ஊர்க்காரர், பட்டாளத்தில் இருந்தவர், நடிக்க வருவதற்கு முன்பே எழுத்தாளர். இன்னொருவர் ஓடிக்கொண்டிருந்த ஓட்டத்தின் நடுவில் உள்ளே இறங்குவது லேசான காரியமா? முதல் நாள் அவர் நடந்து வந்தபோது என் தங்கை டிவியை அணைத்துவிட்டாள். நான் மறுபடி போட்டேன். அந்த ரிமோட் சண்டையில் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

வைகைக்கரை
தம்பி, அவர் நடிப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாரிமுத்து போனபோது அவர் நடித்த ஜெயிலர் வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, கட்டிக்கொண்டிருந்த வீட்டில் குடிபோகவில்லை, 56, 57 வயசு. இந்தியன் 2 அடுத்த வருஷம் வந்தபோது திரையில் அவரைப் பார்த்து என் மனைவி சின்னதாக ‘ஐயோ’ என்றாள். புதியவரை ஏற்றுக்கொள்ள முடியாததற்கு அதுதான் காரணம், புதியவர் இல்லை.

கடமலைக்குண்டு ராசா
தேவி அக்கா, அந்தத் தட்டு விஷயத்தை அப்பாகிட்டயே கேட்டிருக்கலாமே?

கரூர் தேவி
உங்கள் பேச்சைக் கேட்டு நேற்று ராத்திரி போன் பண்ணிக் கேட்டேன் தம்பி. அப்பா, ‘எந்தத் தட்டு?’ என்றார். விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ‘அந்த ஆளு நல்லா நடிச்சாரும்மா’ என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தார். அம்மா சொன்னார்: ‘ஒரு வாரம் எடுத்து வச்சாரு. அப்புறம் பழையபடிதான்.’