கப்பல் டெஸ்ட்ல கசகசா மாட்டுமா?

குடியாத்தத்தான்: "கப்பல்ல போதை டெஸ்டெல்லாம் டுபாக்கூர். கசகசா போட்ட ஆம்பூர் பிரியாணி துன்னவனையும் கஞ்சாக்காரன்னு இறக்கி வுட்ருவான்"னு நேத்து ஒரு மேதாவி எழுதிகிறார். கஞ்சாவுக்கும் கசகசாவுக்கும் இன்னா சம்பந்தம்?

கோட்டை அகழி: அந்த மேதாவி நான்தான். கசகசா சாப்ட்டா சிறுநீர்ல மார்ஃபின் காட்டுமா காட்டாதா? அத மட்டும் சொல்லு.

காட்பாடி இன்ஜின்ரூம்: காட்டும், மார்ஃபின் ஓபியம் வகை. கஞ்சாவுக்குத் தேடறது டிஎச்சி, அதாவது கஞ்சாவுல போதை ஏத்தற சரக்கு, உடம்புல விடற கழிவு. அது கசகசாவுல கிடையாது. கசகசா தொல்லைக்காகவே அமெரிக்கால 1998ல மார்ஃபின் வரம்ப 300 நானோகிராம்லருந்து 2000க்கு ஏத்திட்டாங்க. குருமா துன்னுட்டு அத தாண்டறது லேசுல்ல.

கோட்டை அகழி: ஆக, காட்டும். நன்றி.

காட்பாடி இன்ஜின்ரூம்: முழுசாப் படி நைனா. உன் பேச்சக் கேட்டு ஊர்ல இருக்கும்போது இழுத்துட்டு வர்ற பையன் மாட்டுவான். தினம் இழுக்கறவனுக்கு வாரக்கணக்குல சிறுநீர்ல நிக்கும். எண்ணெய சுத்தம் பண்ற மெஷின், பியூரிஃபையர்ல ஃபர்னஸ் ஆயில் 98 டிகிரில ஓடுது, பக்கத்துல மப்புல ஒருத்தன் வால்வ மாத்தித் திறந்தா கூட இருக்கறவனும் வெந்து போவான். நடுக்கடல்ல 108 வருமா? சாராயத்துக்கே கப்பல்காரங்களுக்கான உலக விதில வந்த 2010 மணிலா திருத்தத்துல ரத்தத்துல 0.05 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னுட்டாங்க.

ஆம்பூர்வாசி: ஒரு நிமிஷம். எங்க பிரியாணில கசகசாவா? சீரகச் சம்பா, காஞ்ச மிளகா விழுது. கசகசா எவன் போட்டான்?

கோட்டை அகழி: எங்க வேலூர் மாவட்டத்து பிரியாணி எனக்குத் தெரியாதா?

ஆம்பூர்வாசி: 2019லயே நாங்க திருப்பத்தூர் மாவட்டம். பேப்பர் படி.

குடியாத்தத்தான்: இவர் பாலாறு மணல் பேச்சுலயும் இப்டிதான், ஒன்னு புடிச்சா வுடமாட்டாரு.

கோட்டை அகழி: மணல் ஏத்தினவங்கள்லாம் பேசறாங்கப்பா. துபாய்ல கசகசா எடுத்துட்டுப் போனாலே புடிப்பான். ஏன்? காட்டும்ன்றதாலதானே?

காட்பாடி இன்ஜின்ரூம்: அது கஸ்டம்ஸ், இது சிறுநீர். பெட்டியத் தொறந்து பாக்கறதும் டெஸ்டும் ஒன்னா? குடியாத்தத்தான் கேட்டது கஞ்சா. க-ஞ்-சா. அதுக்கு ஒரு வரி பதில் வரல.

கோட்டை அகழி: கசகசா காட்டும்னு நீயே எழுதிட்டே. ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன்.

ஆம்பூர்வாசி: பிரியாணி விஷயத்துக்கு மன்னிப்பு எங்க?