வீட்டு கம்ப்யூட்டரை யாரோ உளவு பார்க்கிறார்கள் போல இருக்கிறது, அவசரம்

கொலுசுப்பட்டறை:
வணக்கம், சேலம் சிவதாபுரம். நான்கு நாளாக குரோம் திறந்தால் ஏதோ ஒரு தேடல் பக்கம் வருகிறது. நேற்று ராத்திரி மவுஸ் தானாக நகர்ந்ததை வீட்டுக்காரம்மா பார்த்திருக்கிறார். ஸ்கேன் போட்டேன், ஒன்றும் இல்லை என்கிறது. பட்டறைக் கணக்கு, வெள்ளி வாங்கிய பில், பேங்க் எல்லாம் இதில்தான். என்ன செய்ய?

ஏற்காட்டுக்காரன்:
முதலில் நெட்டைத் துண்டித்துவிடுங்கள் அண்ணா. எந்த விண்டோஸ்? ஸ்கேன் எதில் போட்டீர்கள்? நான்கு நாளுக்கு முன்னால் புதிதாக ஏதாவது ஏற்றினீர்களா?

அஞ்சுரோடு:
ரூட்டர்தான் சார். அட்மின் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் உள்ளே புகுந்து, எந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று வழி காட்டும் டிஎன்எஸ் அமைப்பை மாற்றிவிடுவார்கள், அப்புறம் எதைத் திறந்தாலும் வேறு பக்கம்தான் வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. ரீசெட் செய்யுங்கள்.

ஏற்காட்டுக்காரன்:
ரூட்டர் எப்படிங்க மவுஸை நகர்த்தும்?

கணினிமணி:
இதே கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதியிருக்கிறேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. என்ன விண்டோஸ் என்றுகூடச் சொல்லாமல் உதவி கேட்டால் எப்படி? 10 என்றால் பேசிப் பயனில்லை, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடுங்கள்.

காப்பித்தோட்டம்:
கணினிமணி சார், பயந்துபோய் வந்தவரிடம் இப்படிப் பேச வேண்டுமா? மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸுக்கு, வைரஸை அடையாளம் காணும் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

கணினிமணி:
வைரஸ் விவரம் வேறு, ஓட்டையை அடைக்கும் அப்டேட் வேறு. திட்டத்தில் சேராதவருக்கு ஓட்டை அப்படியே கிடக்கும்.

காப்பித்தோட்டம்:
அதனால்தான் சேரச் சொல்கிறேன். பட்டறைக் கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும் ஓடுவதாக இருந்தால், லினக்ஸ் போட்டுவிட்டு அவர் கணக்கை எதில் பார்ப்பார்?

கொலுசுப்பட்டறை:
விண்டோஸ் 10தான். டிஃபெண்டரில் ஸ்கேன் போட்டேன். போன வாரம் ஒரு கடைப் பையன் வீட்டுக்கு வந்து கணக்கு சாஃப்ட்வேரைக் காசு கட்டாமல் ஓடும்படி கிராக் செய்து போட்டுக் கொடுத்தான். அதனால் இருக்குமா?

ஏற்காட்டுக்காரன்:
அண்ணா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கிராக் ஏற்றும்போது டிஃபெண்டர் பிடித்துவிடும் என்று, ஸ்கேன் செய்யக் கூடாத இடங்களின் பட்டியலில் அந்த ஃபோல்டரைச் சேர்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எத்தனை தடவை ஸ்கேன் போட்டாலும் அங்கே எட்டிப் பார்க்காது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளைத் திறந்து, கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று இருக்கும், அதில் உள்ளதை எல்லாம் நீக்கிவிட்டு முழு ஸ்கேன் போடுங்கள். அது முடிந்ததும் ஆஃப்லைன் ஸ்கேன், அது ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே தேடும். தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கிறதா என்று ஆப் பட்டியலிலும் பாருங்கள், மவுஸ் நகர்ந்ததற்கு எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

காப்பித்தோட்டம்:
பாஸ்வேர்டு மாற்றுவதை அந்தக் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள், புதிதாக அடிப்பதும் அவர்கள் கைக்கே போகும். போனில் மாற்றுங்கள், முதலில் மெயில், அப்புறம் பேங்க். உள்நுழைந்திருக்கும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதி இருக்கும், அதையும் அழுத்துங்கள். ஏனென்றால் நீங்கள் உள்நுழைந்ததை நினைவில் வைக்கப் பிரவுசரில் இருக்கும் குக்கீ என்ற பதிவைத் திருடி வைத்திருந்தால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வர முடியும். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தள்ளாமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

அஞ்சுரோடு:
ரூட்டர் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள் சார், அது எப்படியும் நல்லதுதான்.

கொலுசுப்பட்டறை:
பார்த்தேன். எக்ஸ்க்ளூஷனில் சி டிரைவ் முழுசும் இருந்தது. நீக்கிவிட்டு ஸ்கேன் போட்டால் 7 பிடித்தது. ரிமோட் சாஃப்ட்வேரும் ஒன்று இருந்தது, நான் போடவில்லை. பேங்கில் பணம் அப்படியே இருக்கிறது. நாளைக்கு ஃபார்மட் செய்யப் போகிறேன், நன்றி.

ஏற்காட்டுக்காரன்:
நல்லதுங்க அண்ணா. பென் டிரைவில் கணக்கு ஃபைல், பில், போட்டோ மட்டும் எடுங்கள், இன்ஸ்டால் செய்யும் ஃபைல் ஒன்றுகூட வேண்டாம். ஃபார்மட்டை யார் செய்யப் போகிறார்கள், அதே கடைப் பையனா?

காப்பித்தோட்டம்:
அண்ணா, அவனைக் கூப்பிடாதீர்கள். இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.