முதலில் சிமுலேட்டரா, நேரே ட்ரோனா?

வெள்ளவத்தை வாசி:
எப்.பி.வி. ட்ரோன் (அதன் கேமரா காட்டுவதைக் கண்ணில் அணியும் திரைக் கண்ணாடியில் பார்த்து ஓட்டுவது) பழக ஆசை. ரிமோட்டை மட்டும் வாங்கி ஒரு மாதம் சிமுலேட்டரில், அதாவது கணினித் திரையில் பறக்கும் மென்பொருளில், பழகு என்கிறார் ஒரு நண்பர். அது வீண், நேரே ட்ரோனை வாங்கு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

நான்குவிசிறி:
ரிமோட்டை வாங்குங்கள், தம்பி. யூ.எஸ்.பி. வயரால் மடிக்கணினியில் இணைத்தால் லிப்ட்ஆஃப், வெலோசிடிரோன் என்ற இரண்டு சிமுலேட்டர்களிலும் அதைக்கொண்டே பறக்கலாம். எப்.பி.வி.காரர்கள் பறக்கும் ஆக்ரோ முறையில் ரிமோட்டின் குச்சியை விட்டாலும் ட்ரோன் தானாக நிமிராது. சாய்ந்த கோணத்திலேயே போய்க்கொண்டிருக்கும். அது கைக்குப் பழகுவதற்குள் நூறு முறை விழுவீர்கள். திரையில் விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தி எழலாம். வெளியே விழுந்தால்? ஐந்து அங்குல விசிறி சதையைக் கிழிக்கும். காலிமுகத்திடலில் பட்டம் விடும் பிள்ளைகளின் தலைக்கு மேலா பழகப்போகிறீர்கள்?

கடற்காற்று:
நான் உடன்படவில்லை. மூன்று மாதம் திரையில் பறந்தவன் நான். எந்த வளையத்துக்குள்ளும் புகுந்து வருவேன். முதன்முதலாக வெளியே பறக்கவிட்டு, உயரத்திலிருந்து நேராகக் கீழே இறக்கினேன். தன் விசிறிகள் கலக்கிய காற்றுக்குள்ளேயே விழுந்து ட்ரோன் உதறியது. விசையைக் கூட்டினேன், பேட்டரி தளர்ந்திருந்ததால் அது எழவில்லை. அந்த நொடியில் என் விரல்கள் நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பயத்தை எந்தத் திரையும் எனக்குப் பழக்கவில்லை. விசிறியைச் சுற்றிக் காப்பு வளையம் உள்ள, உள்ளங்கையளவு ட்ரோனை முதல் நாளே வீட்டுக்குள் பறக்கவிடுங்கள்.

நான்குவிசிறி:
சூரிச் பல்கலைக்கழகத்தின் 'ஸ்விஃப்ட்' என்ற, ட்ரோனைத் தானே ஓட்டும் செயற்கை நுண்ணறிவு, சிமுலேட்டரில் பயின்றுதானே மனிதச் சாம்பியன்களைப் பந்தயத்தில் வென்றது? 2023இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு அது.

கடற்காற்று:
முழுவதையும் சொல்லுங்கள், அண்ணா. உண்மையான பறப்பில் திரட்டிய தரவைக் கொண்டு சிமுலேட்டரின் பிழைகளைத் திருத்திய பிறகுதான் வென்றது. இயந்திரத்துக்கே உண்மையான பறப்பு தேவைப்பட்டது.

நான்குவிசிறி:
அதை ஏற்கிறேன். வரிசையைத்தான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் ட்ரோன் பறப்பையே நிறுத்திவைத்த நாடு இது. ஒருவர் கூட்டத்துக்குள் விழுத்தினால் அனுமதி வாங்கிப் பறப்பவர்களுக்கும் வானம் மூடப்படும். வெளியே போகும்போது சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளைப் படித்துவிட்டுப் போங்கள். திரைக் கண்ணாடி அணிந்தவருக்குச் சுற்றுப்புறம் தெரியாது. பக்கத்தில் ஒருவர் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும்.

வெள்ளவத்தை வாசி:
சனிக்கிழமை ரிமோட் வாங்குகிறேன். கடற்காற்று அண்ணா, வீட்டுக்குள் பறக்க எத்தனை மில்லிமீற்றர் அளவுள்ள ட்ரோன் நல்லது?

கடற்காற்று:
65. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பறக்கவிடுங்கள்.