மறு: ‘டிராஃபிக் ஷேப்பிங்’ – ‘போக்குவரத்து வடிவமைப்பு’ சரிதானா?

மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு வணக்கம். ரௌட்டர் மென்பொருளில், இணைப்பில் தரவை அளந்து விடும் ‘டிராஃபிக் ஷேப்பிங்’குக்கு வந்த பரிந்துரை இது:

> ஷேப் என்றால் வடிவம். ஆகவே ‘போக்குவரத்து வடிவமைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படித்ததும் மேம்பாலம் கட்டும் வேலைதான் நினைவுக்கு வந்தது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் இதைப் பார்ப்பவருக்கும் அப்படித்தான் தோன்றும். பெயரை விட்டுவிட்டு, உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

லினக்ஸில் ‘டோக்கன் பக்கெட் ஃபில்டர்’ என்று ஒன்று உண்டு. ஒரு வாளி, அதில் வினாடிக்கு இத்தனை என்று டோக்கன் விழுந்துகொண்டே இருக்கும். வெளியே போகும் பொதி (‘பாக்கெட்’, தரவின் சிறு துண்டு) தன் அளவுக்கு டோக்கன் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். வாளி நிரம்பினால் புதிது சேராது. அதனால் சும்மா இருந்த நேரத்துச் சேமிப்பைக் கொண்டு கொஞ்சம் பாய்ந்து போகலாம், அதற்குமேல் முடியாது. ‘போலீசிங்’ என்ற இன்னொரு முறையிலும் இதே கணக்குதான். ஆனால் டோக்கன் தீர்ந்ததும் இரண்டும் பிரிகின்றன. ஷேப்பிங், ‘வரிசையில் நில், அடுத்த டோக்கன் வந்ததும் விடுகிறேன்’ என்கிறது. போலீசிங், ‘நடையைக் கட்டு’ என்று பொதியைக் கைவிடுகிறது. சில இடங்களில் ஒரு குறி போட்டு அனுப்பும். ‘வேகக் கட்டுப்பாடு’ என்ற இன்னொரு பரிந்துரையை நான் ஏற்காததும் இதனால்தான். வேகத்தை இரண்டுமே கட்டுப்படுத்துகின்றன. காக்க வைப்பது ஷேப்பிங் மட்டும்.

காக்க வைத்து அளந்து விடுவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: மதகு. திறந்த அளவுக்கே வாய்க்காலில் தண்ணீர் போகும், மீதி ஏரியில் நிற்கும். வேலியிடல், அணையிடல் போல ‘மதகிடல்’ என்று வினையாகவும் வரும். ஏரி நிரம்பினால் மிச்சம் கலிங்கு வழியே போய்விடும். வரிசை நிரம்பியபின் வரும் பொதியைக் கைவிடும் ‘டெயில் டிராப்’புக்கு அதை வைக்கலாம்.

இன்னொன்று. போக்குவரத்து என்ற சொல்லை உடைத்தால் போக்கு, வரத்து. லினக்ஸ் நேரடியாக மதகிடுவது போக்கை மட்டும்தான். வந்துவிட்ட பொதி ஏற்கெனவே இணைப்பைத் தின்றுவிட்டது, அதைக் காக்க வைத்து என்ன பயன்? அதனால் வரத்துக்குக் காவல்தான், அதாவது போலீசிங். மதகு வேண்டுமென்றால் ஐஎஃப்பி என்ற பொய்க் கருவிக்குள் திருப்பிவிட்டு, போக்கு போல நடத்தவேண்டும். ஆங்கிலச் சொல்லில் இந்த வித்தியாசம் தெரியாது. ‘போக்கு மதகிடல்’, ‘வரத்துக் காவல்’ என்றால் தெரிகிறது.

----

வணக்கம். மதகு நல்லது, ஆனால் கலிங்கு வேண்டாம். இலங்கையில் எங்கள் வன்னியில் அந்தச் சொல் இல்லை. குளம் ‘வான் பாயுது’ என்போம். ‘நிரம்பி வழிதல்’ என்றால் இரு கரையிலும் விளங்கும்.

எனக்குப் பெரிய தயக்கம் வேறு. ஏரி பெரிதாக இருந்தால் ஊருக்கு நல்லது. வரிசை பெரிதாக இருந்தால் நோய். லினக்ஸில் ஈதர்நெட் அட்டைக்கு வழக்கமான வரிசை 1000 பொதி. பொதிக்கு 1500 பைட் என்றால் மொத்தம் 12 மெகாபிட். வீட்டு இணைப்பின் மேலேற்றும் வேகம் வினாடிக்கு 1 மெகாபிட்தான் என்றால், கடைசியில் நிற்கும் பொதி வெளியே வர 12 வினாடி. அதற்குள் தொலைபேசியில் பேசுபவர் ‘கேக்குதா, கேக்குதா’ என்று மூன்று முறை கேட்டிருப்பார். ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருள் வல்லுநர் ‘பஃபர்புளோட்’ என்று ஊருக்கு எடுத்துச் சொன்னது இதைத்தான். தண்ணீர் தேங்கினால் கெடாது, பொதி பால் மாதிரி.

மருந்து கண்டவர்களும் நீளத்தை விட்டு நேரத்துக்குத்தான் வந்தார்கள். 1993இல் சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் எழுதிய ‘ரெட்’ முறை சராசரி நீளத்தைப் பார்த்தது. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் கொடுத்த ‘கோடெல்’, ஒரு பொதி எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. அந்த நேரம் 100 மில்லிவினாடி முழுக்க 5 மில்லிவினாடிக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் கைவிடத் தொடங்கும்.

ஆகவே பஃபர்புளோட்டுக்கு ‘வரிசை வீக்கம்’ போதும். வரிசை நிரம்பும் முன்பே பொதியைக் கைவிடும் இம்முறைகளுக்கு ஆங்கிலத்தில் ‘ஆக்டிவ் கியூ மேனேஜ்மென்ட்’ என்று பெயர், அதில் முதல் சொல்லை மொழிபெயர்க்கவே வேண்டாம். நிரம்பியதும் கொட்டுவதற்குப் பெயர் மேலாண்மையா? ‘வரிசை மேலாண்மை’ என்றாலே மற்றது வந்துவிடும்.

----

கலிங்கை விட்டுவிடுகிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு. ஏரி பற்றிய தயக்கம் நியாயம்தான். ஆனால் கெடுவது தேங்கியதால், அதை வரிசை மேலாண்மை பார்த்துக்கொள்ளும். அளந்து விடுவது மதகின் வேலை. கோடெல்லையே ஓட்டத்துக்கு ஒரு வரிசையாக நடத்தும் எஃப்கியூ-கோடெல்லை ஒரு மதகின் கீழே மாட்டி ஓட்டுவதும் அப்படித்தானே. ரௌட்டர் பக்கத்தில் இடம் குறைவு, ‘மதகு அளவு’ என்று போட்டுப் பார்த்தேன், கைபேசித் திரையிலும் ஒரே வரியில் நின்றது.

‘பர்ஸ்ட்’, அதாவது வாளியின் சேமிப்பைக் கொண்டு ஒரே பாய்ச்சலில் போவது, இன்னும் பாக்கி. மொழிபெயர்ப்புக் கோப்பில் யாரோ அதை ‘வெடிப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். ‘அனுமதிக்கப்பட்ட வெடிப்பு: 32 கிலோபைட்’ என்று வருகிறது. இன்றிரவு அதை மட்டும் முதலில் எடுத்துவிடுகிறேன்.