கிருமிநீக்கம் செய்த பஞ்சுக் குச்சியில் பிறர் டி.என்.ஏ. எப்படி வந்தது?

வைகறை (கேள்வி):
தடய உயிரியல் முதலாண்டுப் பாடத்தில் ஜெர்மனியின் ஹைல்பிரான் வழக்கு வருகிறது. 2007 ஏப்ரலில் அங்கே பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய ரோந்து வாகனத்தில் கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ., 1993-இல் நடந்த ஒரு கொலை உட்பட, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் ஏறத்தாழ 40 குற்ற இடங்களின் மாதிரிகளிலும் இருந்தது. அந்த டி.என்.ஏ., மாதிரிகளைச் சேகரிக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த பெண்ணுடையது என்பது 2009 மார்ச்சில்தான் வெளிவந்தது. கிருமிநீக்கம் செய்து உறையிட்ட குச்சிகள் என்கிறபோது இது எப்படிச் சாத்தியம்?

ஆய்வுக்கூடத்தான்:
கிருமிநீக்கம் என்பது நுண்ணுயிர்கள் பெருக முடியாதபடி அவற்றைக் கொல்வது மட்டுமே, டி.என்.ஏ. உயிரல்ல, ஒரு மூலக்கூறு. ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கொதிகலத்தின் 121 டிகிரி செல்சியஸ் வெப்பமோ காமா கதிரோ அதை ஆங்காங்கே முறிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆளை அடையாளம் காண நாம் படிக்கும் எஸ்.டி.ஆர். பகுதிகள் (டி.என்.ஏ.வில் ஒரே சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள்) பெரும்பாலும் 100 முதல் 450 வரையிலான கார இணைகள் நீளமே கொண்டவை. அத்தனை சிறிய துண்டுகள் முறிவுக்குத் தப்பிவிடக்கூடும். மனித உயிரணு ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 6 பிக்கோகிராம் (ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோகிராம்) டி.என்.ஏ. டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கும் இன்றைய பி.சி.ஆர். முறைக்கு 100 பிக்கோகிராமே சில வேளைகளில் போதும் என்பதால், பஞ்சில் ஒட்டிய பதினைந்து இருபது தோல் உயிரணுக்கள் ஒரு முழுப் புரொஃபைலை (ஆளை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. விவரத்தை) தந்துவிடக்கூடும். கிருமிநீக்கத்துக்குப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு வாயு டி.என்.ஏ.வோடு வேதிவினை புரிந்து அதைப் படியெடுக்க விடாமல் செய்கிறது. ஆகவே தடயவியல் பொருள்களுக்கு அந்த முறையே விரும்பப்படுகிறது. இத்தகைய பொருள்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தரநிலை 2016-இல் வந்தது.

வைகறை:
நன்றி ஐயா. ஆனால் ஒவ்வொரு தொகுதி மாதிரியுடனும் பயன்படுத்தாத வெற்றுக் குச்சி ஒன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்களே, அதில் ஏன் சிக்கவில்லை?

கரிசல்:
எல்லாக் குச்சிகளிலும் அந்த டி.என்.ஏ. இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஏதோ சிலவற்றில் மட்டும் இருந்ததால், சோதித்த வெற்றுக் குச்சி சுத்தமாகவும் அடுத்த உறையில் இருந்தது கறைபட்டதாகவும் அமைந்துவிட வாய்ப்புண்டு. என் பார்வையில் இந்த வழக்கில் கூர்ந்து கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தப் ‘பெண்’ சுற்றியிருந்த பகுதிகளிலெல்லாம் தடம் பதித்தார். பக்கத்து மாநிலமான பவேரியாவில் மட்டும் அவரைக் காணவில்லை. பவேரியக் காவல்துறை குச்சிகளை வேறிடத்தில் வாங்கியது. ஒரே ஆள் கொலைகாரியாகவும், போதை ஊசி போடுபவராகவும், சில்லறைத் திருட்டுக்காரியாகவும் இருக்கிறாரே என்று வியந்தவர்கள் குற்ற வரைபடத்தின் மேல் கொள்முதல் பட்டியலையும் விரித்து வைத்திருக்க வேண்டும். கடைசியில், காணாமற்போன ஓர் ஆணின் அடைக்கல விண்ணப்பத்தில் இருந்த கைரேகையைச் சோதித்தபோது அதே பெண்ணின் டி.என்.ஏ. வந்து நிற்க, வேறு குச்சியால் மறுபடி எடுத்தபோது அது இல்லாமற்போனது. அதன் பிறகே சந்தேகம் குச்சியின் மேல் திரும்பியது. காவலரைக் கொன்றதாகக் கருதப்படும் நவநாஜிக் குழு 2011-இல்தான் அம்பலமானது.

மாதிரிப்பெட்டி:
மேலே உள்ளவற்றோடு ஒன்று சேர்க்கிறேன். கையளவு ரத்தக் கறையில் இந்தக் கலப்படம் பெரும்பாலும் அமுங்கிவிடும், ரத்தத்துக்குரியவரின் டி.என்.ஏ. அளவில் பல மடங்கு கூடுதலாக இருக்கும். தேநீர்க் கோப்பை, கார்க் கதவு போன்று தொட்ட தடம் மட்டும் உள்ள இடங்களில் உண்மையான மாதிரியே அரிதாக இருப்பதால் குச்சியில் இருப்பது மேலே வந்துவிடுகிறது. ரத்தக் கறைக்கான காஸில்-மேயர் முன்சோதனை இளஞ்சிவப்பு காட்டினால் ரத்தமாக இருக்கலாம் என்றாவது சொல்லலாம் (முள்ளங்கிச் சாறும் அதே நிறம் காட்டக்கூடும் என்பது வேறு கதை). தொட்ட தடத்துக்கு அப்படியொரு முன்சோதனையின் துணையும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆய்வகப் பணியாளர், சம்பவ இடத்துக்குச் சென்ற காவலர் ஆகியோரின் புரொஃபைல்களை ஒப்பிட்டு விலக்கும் பட்டியலில் பொருள்களைத் தயாரிப்போரையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அதனால்தான் எழுந்தது. செய்முறைப் பதிவேட்டில் குச்சியின் தொகுதி எண்ணை எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள். பல வழக்குகளில் ஒரே புரொஃபைல் தலைகாட்டினால் முதலில் ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.