வெள்ளவத்தையில் கூரை வேலைக்கு நம்பகமான ஒப்பந்தகாரரைத் தெரிவுசெய்வது எப்படி?

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட கூரைக்கு வயது முப்பதுக்கு மேல். 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் மழையின்போது அம்மாவின் அறைச் சுவரோரமாக நீர் இறங்கியது. அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் அவருடைய கட்டிலை நகர்த்த வேண்டியிருக்கிறது. புயல் ஓய்ந்த வாரத்திலேயே இருவர் வாசலுக்கு வந்து, தெருவில் நின்றபடி அண்ணாந்து பார்த்து, கூரை முழுவதையும் மாற்ற வேண்டும், பாதிப் பணத்தை முற்பணமாகத் தந்தால் மறுநாளே தொடங்கலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, அனுப்பிவிட்டேன். மே மாதத் தென்மேல் பருவக்காற்றுக்கு முன் வேலையை முடிக்க விரும்புகிறேன். யாரை, எதைப் பார்த்து நம்புவது?

பதில் (தெஹிவளை)

கூரையில் ஏறாமலே விலை சொன்னவர்களை அனுப்பியது சரி. நீர் தெரியும் இடமும் அது உட்புகும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. முகட்டருகே புகுந்த நீர் மரத்தின் வழியே பல அடி ஓடிவந்து சுவரோரம் இறங்கக்கூடும். ஆகவே வருபவர் ஏணி வைத்து ஏறி, சீலிங்குக்கு மேலும் பார்த்து, பழுதைப் படம் எடுத்துக் காட்டட்டும். கடலோர வீடுகளில் சீற் நன்றாக இருந்தும், உப்புக்காற்றில் திருகாணிகள் துருப்பிடித்து, ரப்பர் வளையங்கள் வெடித்து, அந்தத் துளைகளே ஒழுகுவதுண்டு. அப்படியானால் முழுக் கூரையையும் மாற்றத் தேவையில்லை.

மாற்றத்தான் வேண்டுமென்றால், எந்தப் பக்கத்திலிருந்து சீற் போடத் தொடங்குவீர்கள் என்று கேளுங்கள். நமக்குப் பலத்த காற்றும் மழையும் கடற்பக்கமிருந்து வருவதால், தரைப்பக்கத்தில் தொடங்கிக் கடலை நோக்கிப் போட்டுவந்தால்தான் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்புகளுக்குள் காற்று மழையை ஏற்றாது. திருகாணி சீற்றின் அலைவடிவ மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. இதை யோசிக்காமலே சொல்பவர் வேலை தெரிந்தவர். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு உண்டா என்றும் விசாரியுங்கள். ஆனால், என்னைக் கேட்டால், அவர் இரண்டு மழைக்காலத்துக்கு முன் செய்த ஒரு வீட்டை நேரில் போய்ப் பார்ப்பதே மேல்.

பதில் (கொலன்னாவ)

அக்கா, பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் அவசரப்பட்டுப் பாதிக்கு மேல் முற்பணம் கொடுத்தோம். வந்தவர் கூரையின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு மூன்று வாரம் தலைகாட்டவில்லை. பொலித்தீன் விரிப்பின் கீழ் பிள்ளைகளோடு இருந்தோம். அடுத்த தடவை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கினேன்: சீற்றின் வகையும் தடிப்பும், அன்று திறந்த பகுதியை அன்று மாலைக்குள் மூடுவது, வேலையாள் விழுந்தால் யார் பொறுப்பு என்பது. பொருட்களை ஹார்ட்வெயார் கடையில் நானே என் பெயரில் பில் போட்டு வாங்கினேன். கூலியை நான்கு தவணையாகக் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை ஒக்டோபர் மழை தாண்டும்வரை நிறுத்தி வைத்தேன். அதற்கு அவர் மறுக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கையாக இருந்தது.

பீலியின் சரிவையும் ஒரு வாளி நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். 2007 ஆம் ஆண்டின் நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வீட்டுக்காரர் மீதுதான் வழக்கு வரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும்: வேலை நடக்கும்போது அம்மா வீட்டைவிட்டுப் போக மாட்டேன் என்கிறார்.

பதில் (தெஹிவளை)

அவருடைய அறைக்கு மேலுள்ள பகுதியை ஒரே நாளில் முடிக்கச் சொல்லி, அந்த ஒரு நாள் மட்டுமாவது பக்கத்து வீட்டில் இருக்கச் செய்யுங்கள். பழைய சீற்றை நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும்; வாளால் அறுக்க விடவே வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. அம்மா திரும்பி வருமுன் அறையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.